ஆண்கள் பக்கத்துக்கு ஒரு வாளி

கௌசிகாவுக்கு எதையும் அறியாமல் விட மனம் வராது. காலையில் சாம்பல்தீவில் பஸ் ஏறினால், பட்டணத்தில் இறங்குவதற்குள் பக்கத்தில் இருந்தவளின் மகள் எந்தப் பாடத்தில் கோட்டை விட்டாள் என்பது வரை அவளுக்குத் தெரிந்துவிடும். ஊர்ப் புதினமெல்லாம் கேட்டுத் திரிகிற விடுப்புக்காரி என்று ஊரில் ஒரு பெயரும் உண்டு. அவள் அதற்காகக் கோபப்பட்டதில்லை. உட்துறைமுகக் கரையில், ஓர்ஸ் ஹில் இறக்கம் முடிகிற இடத்தில் இருக்கும் மீன் பதனிடும் கொம்பனியில் அவள் நலன்புரி உத்தியோகத்தர். நூற்றுப் பத்துப் பேருடைய கோப்புகள் அவளுடைய இரும்பு அலுமாரிக்குள் இருந்தன. விடுப்புக்காரிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை வேறெங்கே கிடைக்கும்?

மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அவள் பெண்கள் கூட்டம் வைப்பாள். வெள்ளி மத்தியானம் முஸ்லிம் ஆண்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விடுவார்கள். மற்ற ஆண்களும் அதையே சாட்டாக வைத்துத் தேத்தண்ணிக் கடைப் பக்கம் நழுவிவிடுவார்கள். சாப்பாட்டு அறை ஒரு மணித்தியாலம் பெண்களுக்கு மட்டும் ஆகும். அந்த நேரத்தில்தான் மாதவிடாயைப் பற்றிப் பேச்சு. வாயால் கேட்கக் கூச்சம் என்பதால், கேள்வியைத் துண்டில் எழுதி ஒரு பிஸ்கற் தகரத்துக்குள் போடச் சொல்லியிருந்தாள். அந்தத் தகரம் மாதம் முழுக்கச் சாப்பாட்டு அறை மூலையிலேயே கிடக்கும்.

அன்றைக்கு நாலாவது துண்டை விரித்தவள், சத்தமாக வாசித்து முடித்த பிறகுதான் யோசித்தாள்.

“ஆம்பிளையள்ற கக்கூசுக்குள்ள மூடி போட்ட வாளி ஏன் இல்லை?”

பெண்கள் பக்கத்து மலசலகூடத்தில் மூடி போட்ட வாளிகள் வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மனேஜரோடு மல்லுக்கட்டி அவற்றை வாங்கி வைத்தவள் கௌசிகா. நப்கினைச் சுற்றி எங்கே போடுவது என்று பெண்கள் இனி முழிக்கத் தேவையில்லை என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

“ஆம்பிளையளுக்கு வாளி என்னத்துக்கு? வழிச்ச மீசையப் போடவோ?” என்றாள் மீன் வெட்டுகிற ஜெஸ்மின். சாப்பாட்டு அறையே குலுங்கிச் சிரித்தது. கௌசிகாவும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். “இது லாபிர் நானாவின்ர பகிடி. வேற ஆர் இப்பிடி எழுதுறது?” என்று துண்டைக் கசக்கிக் குப்பைக்குள் போட்டாள். வெட்டுப் பகுதி மேற்பார்வையாளர் லாபிர் அப்படிப்பட்ட பகிடிகளுக்குப் பேர்போனவர்.

துப்புரவு வேலை செய்யும் அம்ரா மட்டும் சிரிக்கவில்லை. மூதூரிலிருந்து வந்து போகிற அந்தப் பெண் பொதுவாகவே அதிகம் சிரிப்பவள் அல்ல. கௌசிகா அதைக் கண்டாள். ஏன் என்று கேட்காமல் அடுத்த துண்டை எடுத்தாள். அவளுடைய வாழ்க்கையில் கேட்காமல் விட்ட கேள்விகள் குறைவு. அதில் இது ஒன்று.

மூன்று கிழமை கழித்து, ஒரு புதன்கிழமை, ஆண்கள் பக்கத்து மலசலகூடம் பொங்கி வழிந்தது. குழாய் வேலைக்காரர் நீளக் கம்பியை விட்டு இழுத்தார். முதலில் ஊத்தைத் தண்ணீர் வந்தது. பிறகு ஊறிப்போன நப்கின்கள், ஒன்றன்பின் ஒன்றாக ஆறோ ஏழோ வந்தன.

“என்ன சேர் இது? ஆம்பிளையள்ற இடத்துல பொம்பளையள்ற சாமான்!” என்று லாபிர் போட்ட சத்தத்தில், படகுத்துறையில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட வந்து எட்டிப் பார்த்தார்கள். அரை மணித்தியாலத்துக்குள் கதை பிறந்துவிட்டது. ஆண்கள் பக்கத்துக்குள் போய் வருகிற பெண் அம்ரா ஒருத்திதான். கதவுத் திறப்பும் அவளிடம்தான். அப்படியென்றால் உள்ளே அவள் யாரோடு இருந்தாள்? கதைக்குக் கால் முளைக்க வேறென்ன வேண்டும்?

மனேஜர் பாக்கியரத்தினம் அம்ராவைக் கூப்பிட்டார். கௌசிகாவும் பக்கத்தில் நின்றாள்.

“இது உம்மட வேலையோ?”

“இல்ல சேர். நான் போன மாசம் ரெண்டு கிழம இங்க இல்ல. கூடப்பொறந்த ராத்தாட பிள்ளப்பேறு.”

“நீர் இல்லாத நேரம்தான் அடைச்சதெண்டு என்ன அத்தாட்சி? அப்ப ஆர் போட்டது? உமக்குத் தெரியாமல் அங்க ஒண்டும் நடக்காது.”

அம்ரா நிலத்தைப் பார்த்தாள். “எனக்குத் தெரியா சேர்,” என்றாள்.

அந்தப் பதிலுக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. பாக்கியரத்தினம் அதைக் கள்ளம் என்று எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமைக்குள் ஆள் யார் என்று தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அம்ரா சனிக்கிழமை வரத் தேவையில்லை என்றார். வேலை போவது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. என்ன காரணத்துக்காகப் போனது என்பது அவளுக்கு முன்னால் தோணியேறி மூதூருக்குப் போய்விடும். அதற்குப் பிறகு அவளை எந்த வேலைக்கும் வீட்டை விட்டு வெளிக்கிட விடமாட்டார்கள்.

கௌசிகா தன் கதிரையில் வந்து இருந்தாள். ஒரு கேள்வி அவளை நெருஞ்சி முள்ளாகக் குத்தியது. ஆண்கள் பக்கத்தில் ஏன் வாளி இல்லை? சிரித்துத் தள்ளிய அந்தத் துண்டு பகிடி இல்லையென்றால்? வாளி தேவைப்பட்ட ஒருவர் அதைக் கேட்டுப் பார்த்து, பதிலுக்குச் சிரிப்பு மட்டும் கிடைத்திருந்தால்?

அவள் எழுந்து அலுமாரியைத் திறந்தாள். நல்ல நோக்கத்தோடுதான் திறந்தாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். பாதி நல்ல நோக்கம், பாதி விடுப்பு. ஆண்களின் கோப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். எதைத் தேடுகிறாள் என்று அவளுக்கே தெரியாது.

சிவரூபனின் கோப்பில் விரல் நின்றது. குளிர் அறையில் வேலை செய்கிறவன். முப்பது வயது இருக்கும். அளவான தாடி, அதிகம் கதை இல்லை. வேலைக்கு வந்து மூன்று வருடம். கையால் நிரப்பிய விண்ணப்பத்தில் அடையாள அட்டை இலக்கத்துக்கு மேலே சிவப்புப் பேனையால் ஒரு திருத்தம் இருந்தது.

இந்த நாட்டில் அடையாள அட்டை இலக்கமே ஆளின் பாதிக் கதையைச் சொல்லிவிடும். முதல் நாலு இலக்கமும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அந்த நாளோடு ஐந்நூறைக் கூட்டிப் போடுவார்கள். கந்தோரில் கோப்பு பார்க்கிறவர்களுக்கு இது தண்ணீர்பட்ட பாடு. சிவரூபன் அறுநூற்றுப் பன்னிரண்டு என்று எழுதியிருந்தான். ஆறை வெட்டி ஒன்றாக்கி, நூற்றுப் பன்னிரண்டு என்று மாற்றியிருந்தது கௌசிகாவின் கை. ஆணுக்கு அறுநூறு எப்படி வரும், பிள்ளை அவசரத்தில் பிழையாக எழுதிவிட்டான் என்று அன்றைக்குத் திருத்தியது அவளுக்கு இப்போது ஞாபகம் வந்தது. அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. ஊரில் எல்லோரையும் எல்லாம் கேட்கிறவள், கேட்க வேண்டிய ஒருவனை மட்டும் கேட்காமல் சிவப்புப் பேனையை எடுத்திருக்கிறாள்.

முகம் சூடாகிவிட்டது. கோப்பை மூடினாள். பிறகு ஆசை அடங்காமல் இன்னொரு முறை திறந்து பார்த்தாள்.

அடுத்த நாள் மத்தியானம் குளிர் அறை வாசலில் அவனைப் பிடித்தாள். சிவரூபன் தடித்த மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தான். சுற்றிவர யாரும் இல்லை. உள்ளே சூரை மீனும் அறுக்குளா மீனும் பெட்டி பெட்டியாக உறைந்து கிடந்தன.

“சிவரூபன், உங்கட அடையாள அட்டை இலக்கத்தை நான் பிழையாத் திருத்திப்போட்டன் போல கிடக்கு,” என்றாள்.

அவன் மாட்டிய மேலங்கியைத் திரும்ப எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். “மூண்டு வருசத்துக்குப் பிறகு ஏன் மிஸ் அது ஞாபகம் வந்தது?”

“அந்தக் கேள்வித் துண்டு… அது நீங்களோ எழுதினது? அப்ப, எப்பிடி… எப்ப இருந்து நீங்கள்… வீட்டு ஆக்களுக்குத் தெரியுமோ? மருந்து ஏதும்…”

“மிஸ்.” அவன் குரலை உயர்த்தவில்லை. “நீங்கள் இதெல்லாம் கேக்கிறது அம்ராவுக்காகவோ, உங்கட ஆசைக்காகவோ?”

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். “ரெண்டும்தான்,” என்றாள். “ஆசை கொஞ்சம் கூட.”

அந்த உண்மை அவனைச் சிரிக்க வைத்தது. பெரிய சிரிப்பு இல்லை, என்றாலும் மேலங்கி ஆணிக்குத் திரும்பிப் போனது.

“ஓம், நான்தான் எழுதினது. சின்ன வயசில இருந்து நான் ஆம்பிளைதான். அட்டையிலதான் வேற மாதிரி. அதை மாத்திறதுக்குக் கொழும்பில டொக்டரின்ர கடிதம் எடுக்கத் திரியிறன். ஹோர்மோன் ஊசி போட்டா மாசம் வாறது நிக்கும். அந்த ஊசி ஒவ்வொரு முறையும் கிடைக்காது. கிடைக்காத நேரம் வரும். வந்தா மற்ற ஆக்கள் என்ன செய்வினமோ அதைத்தான் நானும் செய்யிறன். எனக்கு மட்டும் போட இடமில்லை.”

“பையில வைச்சு வீட்ட கொண்டு போகலாமே?”

“கேற்றில என்ன செய்யிறவை?”

கௌசிகா நாக்கைக் கடித்துக்கொண்டாள். மீனைக் களவாகக் கொண்டு போகிறார்களோ என்று, வெளியே போகிற ஒவ்வொருவரின் பையையும் வாசல் கேற்றில் கொட்டிப் பார்ப்பார்கள். பொதி சுற்றியிருந்தால் அவிழ்த்தும் பார்ப்பார்கள். அந்தச் சட்டத்தைத் தட்டச்சு செய்து ஒட்டியவளும் அவள்தான்.

“அப்ப இவ்வளவு நாளும்?”

சிவரூபன் குளிர் அறைக் கதவை இழுத்துச் சாத்தினான். பிறகு சொன்னான். பேப்பரில் சுற்றி, மலசலகூடத்து ஜன்னல் விளிம்பில் வைத்துவிடுவான். பின்னேரம் பார்த்தால் இருக்காது. யார் எடுக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். அம்ரா ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை, ஒரு பார்வைகூட வித்தியாசமாகப் பார்த்ததில்லை. போன மாதம் அவளுக்குப் பதிலாக இரண்டு கிழமை ஒரு ஆண் வந்தான். அவன் கண்டால் ஊரைக் கூட்டிவிடுவான் என்ற பயத்தில், வேறு வழியில்லாமல் சிவரூபன் அவற்றைக் குழிக்குள் போட்டுத் தண்ணீரைத் திறந்து அனுப்பியிருந்தான்.

“தண்ணி கொண்டு போயிடும் எண்டு நினைச்சனான்,” என்றான். “நாளைக்கு வேலையை விடுறன், மிஸ். புல்மோட்டையில தெரிஞ்ச ஒருத்தர் மணல் கொம்பனியில வேலை இருக்கெண்டவர்.”

“நீங்கள் போனா அம்ராவின்ர பேர் திரும்பி வருமோ?”

“அதுதான் எனக்கும் விளங்கேல்ல,” என்றான். அவனுடைய கண் கலங்கியிருந்தது.

கௌசிகா அங்கேயிருந்து நேராக அம்ராவிடம் போனாள். அம்ரா குழாயடியில் துடைப்பத்தை அலசிக்கொண்டிருந்தாள். சிவரூபனின் பெயரை எடுக்காமலே, “உங்களுக்கு ஆளைத் தெரியும். சொன்னா நீங்கள் தப்பலாமே?” என்று கேட்டாள்.

“அடுத்த ஆள்ற சங்கதியச் சொல்லி எனக்கு வேல வேணா மிஸ்.”

“அது என்னெண்டு யோசிச்சதில்லையோ? கேக்க ஆசை வரேல்லையோ?”

அம்ரா துடைப்பத்தைப் பிழிந்தாள். “ஆசதான். மொத நாள் கண்டப்போ தலையே சுத்திச்சு. பொறகு பாத்தா, எனக்கு வாறதுதான் அவருக்கும் வருது. அதக் கொண்டு போய்ப் போடுறதுக்குக் கேள்வி என்னத்துக்கு?” என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். கௌசிகாவுக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. இவ்வளவு பெரிய சங்கதியை மூன்று வருடம் வயிற்றுக்குள் வைத்திருக்கத் தன்னால் சத்தியமாக முடிந்திருக்காது.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை அவள் மத்தியானத்தில் வைக்கவில்லை. தொழுகைக்குப் போனவர்கள் வந்து, தேத்தண்ணிக் கடையிலிருந்தவர்களும் வந்த பிறகு, மூன்று மணிக்கு எல்லோரையும் கூப்பிட்டாள். என்ன விடயம் என்று பாக்கியரத்தினம் கேட்டதற்கு, குழாய் அடைத்த விடயம் என்றாள். அது பொய்யும் இல்லை. ஆண்கள் சுவரோரமாகக் கைகட்டி நின்றார்கள். அம்ரா கதவடியில் வாளியோடு நின்றாள். சிவரூபன் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றான். பார்க்கக்கூடாது என்று நினைத்து நினைத்தே கௌசிகா அவனை மூன்று தரம் பார்த்துவிட்டாள்.

“போன மாசம் ஒரு கேள்வி வந்தது,” என்று தொடங்கினாள். “ஆம்பிளையளின்ர கக்கூசில வாளி ஏன் இல்லை எண்டு. நாங்கள் சிரிச்சம். கூடச் சிரிச்சது நான். அது பிழை. இண்டைக்கு மறுமொழி சொல்லுறன். மாதவிடாய் பொம்பிளையளுக்கு மட்டும் வாறதில்லை. ஆம்பிளையா வாழுற சில ஆக்களுக்கும் வரும். தாங்கள் ஆணுமில்லை பெண்ணுமில்லை எண்டு சொல்லுற ஆக்களிலும் சில பேருக்கு வரும். அவைக்கும் வயித்துக்குத்து வரும், அவைக்கும் நப்கின் வேணும், அதைப் போட ஒரு இடமும் வேணும். அதை யோசிக்காமல் நான் பொம்பிளையள் பக்கம் மட்டும் வாளி வைச்சன். குழாய் அடைச்சதுக்குக் காரணம் அம்ரா இல்லை. நான் வைக்காத வாளி.”

யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். பக்கத்தில் நின்றவன் சேர்ந்து சிரிக்காததால் அது பாதியிலேயே நின்றுபோனது.

“அது சரி மிஸ்,” என்றார் லாபிர். அவருடைய முகத்தில் பகிடி இல்லை, குழப்பம்தான் இருந்தது. “அப்படி இங்க ஆரு? ஆளச் சொன்னாத்தானே இந்தப் பிள்ள தப்பும்?”

“ஆளைச் சொல்லுறதுக்கு நான் வரேல்லை.”

“அப்ப நான் என்ன செய்யிறது, கௌசிகா?” என்றார் பாக்கியரத்தினம். “பேர் இல்லாமல் நான் ஆரை நம்புறது?”

கௌசிகா அம்ராவைப் பார்த்தாள். அம்ரா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “அது நான்தான் சேர்,” என்றாள் கௌசிகா. “அண்டைக்குப் பொம்பிளையள் பக்கம் தண்ணி வரேல்லை. அதால நான் மற்றப் பக்கம்…”

“மிஸ், விடுங்கோ. உங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது.”

எல்லாத் தலையும் பின்னால் திரும்பியது. சிவரூபன் சுவரில் சாய்ந்திருந்த முதுகை நிமிர்த்தி, இரண்டு அடி முன்னால் வந்தான்.

“குழாயை அடைச்சது நான். எனக்கும் மாசம் வரும். இவ்வளவுதான் விசயம். இனி ஆருக்கு என்ன கேக்க வேணுமோ என்னட்டக் கேளுங்கோ. அம்ராவைக் கேக்காதேங்கோ.”

“நீயா?” என்றார் லாபிர். “நீ எப்படி…” என்று தொடங்கியவர், தலையைச் சொறிந்தபடி வெளியே போய்விட்டார். போனவர் திரும்பி வரவில்லை. சுவரோரம் நின்றவர்களில் இன்னும் நாலைந்து பேர் அவருக்குப் பின்னால் போனார்கள். மற்றவர்கள் நின்றார்கள். நிற்பதா போவதா என்று தெரியாமல் நின்றவர்களும் அதில் உண்டு.

பாக்கியரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியைத் திரும்பவும் துடைத்தார். “அம்ரா, நீர் நாளைக்கு வேலைக்கு வாரும்,” என்றார். பிறகு யாரையும் பார்க்காமல், “கௌசிகா, எத்தனை வாளி வேணுமெண்டு எழுதித் தாரும்,” என்றார். சிவரூபனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று கௌசிகாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

சிவரூபன் இன்னும் நடுவிலேயே நின்றான். எங்கே போய் நிற்பது என்று அவனுக்கே தெரியவில்லைப் போலிருந்தது. சுவரோரம் அவன் நின்ற இடத்துக்கு இரண்டு பக்கமும் இருந்த ஆண்கள் விலகிப் போயிருந்தார்கள்.

“கூட்டம் எண்டாக் கேள்வி கேக்கலாம்தானே, மிஸ்?” என்றான். அவனுடைய குரல் இப்போதுதான் உடைந்தது. “குளிர் அறைக்குள்ள நிக்கேக்க எனக்கு வயித்துக்குத்து இரட்டிப்பாகுது. அது குளிராலயோ? இல்லாட்டி எனக்கு மட்டும்தானோ அப்பிடி? மூண்டு வருசமா ஆரையும் கேக்க ஏலாமப் போச்சு.”

கௌசிகாவுக்குப் பதில் தெரியாது. அவள் குளிர் அறைக்குள் ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்றதில்லை. கதிரைகளில் இருந்த பெண்களைப் பார்த்தாள். யாராவது ஏதாவது சொல்லுங்கள் என்று கெஞ்சவேண்டும் போல அவளுக்கு இருந்தது.

கதவடியில் அம்ரா வாளியைக் கீழே வைத்தாள்.

“ஒங்களுக்கு மட்டுமில்ல அண்ணன்,” என்றாள். “குளிருக்க நிண்டா எல்லாருக்கும் கூடும். போன வருசம் ஆள் காணாதெண்டு நானும் அங்க ஐஸ் அள்ளின நேரம் நிமிரவே ஏலாமக் கிடந்த. எண்ட ஊட்ட சுடுதண்ணிப் போத்தல் ஒண்டு கிடக்கு. நாளைக்குக் கொண்டாறன், வயித்துல வெச்சிப் பாருங்க.”

“ஓம்,” என்றான் சிவரூபன். ஜெஸ்மின் தன் பக்கத்துக் கதிரையிலிருந்த சாப்பாட்டுப் பையை எடுத்து மடியில் வைத்தாள். அவன் அந்தக் கதிரையில் வந்து இருந்தான்.